குபியாக் வீட்டுக் கதவின் பொருள்

எங்கள் ஹெரான் மெடோ குடியிருப்பில் நாற்பத்தோரு வீடுகள். நாரைகள் நின்றுகொண்டிருந்த சதுப்பைத் தூர்த்துக் கட்டியது, அதனால் நாரையின் பெயரையே வைத்தார்கள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் இது ஒரு மரியாதை. எதை ஒழித்தோமோ அதன் பெயரை நுழைவாயில் கல்லில் செதுக்கி, சுற்றிலும் பூச்செடி நட்டுவிடுவோம்.

நாற்பது வீடுகளின் வாசற்கதவு ஓட்ஸ் கஞ்சி நிறம். சிவப்பும் நீலமும் ஒரு காலத்தில் இருந்தன. தேர்தலில் ஆளுக்கொரு கட்சி அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டதால், கதவைப் பார்த்தே ஓட்டு யாருக்கென்று கண்டுபிடிக்கிறார்கள் எனப் புகார் வந்து இரண்டையும் தடை செய்தாயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒரு பச்சைக் கதவு. அது என் பக்கத்து வீட்டு லென் குபியாக்கினுடையது.

லென் காகித ஆலையில் முப்பத்து நான்கு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன். அவன் மனைவி பெர்னிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். குடிவந்த முதல் கோடையில் பெர்னிஸே அந்தக் கதவுக்கு வண்ணம் அடித்தார். நல்ல ஊறுகாய் வெள்ளரிக்காய்ப் பச்சை. வெளியே போய்விட்டு வந்தால், சாவி கையில் இருந்தாலும், கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளேயிருந்து லென் "யாரு?" என்பான். "வீட்டுக்காரி" என்பார் பெர்னிஸ். நாற்பது வருஷமாக இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறப்பதால் எனக்கு எல்லாம் கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் பெர்னிஸின் ஞாபகம் கசியத் தொடங்கியது. பெயர்கள் முதலில் போயின. பிறகு வீட்டு எண் போயிற்று. கதவு மட்டும் போகவில்லை. தினமும் மாலை நான்கு மணிக்குக் குளத்தைச் சுற்றி ஒரு நடை போய், ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே பச்சையைத் தேடிப் பிடித்து, இரண்டு தட்டுத் தட்டுவார். தனியாகச் செய்ய அவருக்கு அந்த ஒரு நடைதான் மிச்சமிருந்தது. அதுவும் நின்றுபோனால் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று அரிசோனாவிலிருக்கும் மகள் கேரல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை, வறுத்த மீன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து லென் என்னிடம் மட்டும் சொன்னான்.

"யார்கிட்டயும் மூச்சு விட்றாத கோர்டி. தெரிஞ்சா எல்லாரும் அவகிட்ட சத்தமா, மெதுவா, கொழந்தைகிட்ட பேசற மாதிரி பேச ஆரம்பிச்சிருவாங்க. அவளுக்கு அது ஆகாது."

"நான் எதுக்குப்பா சொல்லப் போறேன்" என்றேன்.

இனி எங்கள் வண்ணப் பொருள் துணைக்குழு பிறந்த கதை. பதினேழாம் எண் வீட்டுக்காரர் ராணுவ வீரர்களுக்கு மரியாதையாக வாசலில் ஒரு பச்சை பல்ப் போட்டார். பதினெட்டாம் எண் அம்மாள், இல்லினாய் மாநில எல்லையில் அனுமதிபெற்ற கஞ்சாக் கடைகளில் எரியும் பச்சை விளக்கைப் பார்த்தவர், கடை திறந்துவிட்டதாக நினைத்துப் போலீசுக்குப் போன் செய்தார். பத்தொன்பதாம் எண் அம்மாள், பச்சை என்றால் மனநலம் என்று எங்கோ படித்திருந்தபடியால், "எதுவானாலும் பேசித் தீர்த்துக்கலாம்" என்று ஒரு தட்டு நிறைய பாஸ்தா சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று பேருக்கும் தபால் பெட்டியருகே வாய்த் தகராறு முற்றியது. தப்பு பல்பில் இல்லை, அதன் பொருளை முன்கூட்டியே பதிவு செய்யாததில்தான் இருக்கிறது என்று குடியிருப்போர் சங்கம் கண்டுபிடித்தது.

துணைக்குழுத் தலைவி மர்லீன் ஓஸ்ட்ரம். வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். செயலாளர் நான். என் கையெழுத்தைப் படிக்க முடியும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

விதி மூன்றே வரி. வெளியிலிருந்து தெரியும் எந்தப் பச்சைக்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும். அந்தப் பொருள் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் குறித்த நாட்களுக்குள் இருக்க வேண்டும். பட்டியலை நானே நகலெடுத்து வீடு வீடாகப் போட்டேன். மார்ச்சில் அயர்லாந்து, பதினேழாம் தேதி ஐரிஷ் திருநாள் ஊர்வலம். ஏப்ரலில் சுற்றுச்சூழல். மே மாதம் மனநலம். செப்டம்பரிலிருந்து எங்கள் மாநிலத்துக் கால்பந்து அணி, ஆனால் மஞ்சள் ஓரம் கட்டாயம். மஞ்சள் இல்லாத பச்சை பிலடெல்பியாக்காரர்களின் அணியைக் குறிக்கும், அதற்கு மன்னிப்பே கிடையாது. நவம்பரில் ராணுவ வீரர்கள். டிசம்பரில் சிவப்போடு சேர்த்துக் கிறிஸ்துமஸ். புல்தரைக்கு மட்டும் எந்தப் பதிவும் தேவையில்லை.

பிப்ரவரியில் லென்னுக்குப் படிவம் போயிற்று. இருப்பது என்ன என்ற கட்டத்தில் 'கதவு' என்று எழுதியிருந்தான். நிறம் என்ற கட்டத்தில் 'பச்சை'. பொருள் என்ற கட்டத்தில் மறுபடியும் 'கதவு'.

படிவம் முழுமையாகவில்லை என்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குளக்கரையிலுள்ள பொதுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள், காபி, சீஸ் துண்டுகள். எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தண்டிப்பதென்றாலும் கையில் ஏதாவது தின்னக் கொடுத்துவிட்டுத்தான் தண்டிப்போம்.

"நாங்க யாரும் பச்சைக்கு எதிரி இல்ல லென்" என்று மர்லீன் தொடங்கினார். "எனக்குப் பச்சைன்னா உசுரு. ஆனா பொருளே இல்லாத பச்சை இருக்கு பாருங்க, அது பாக்கறவங்களத் தவிக்க விட்டுரும். போன வாரம் ஒரு ஜோடிக்கு வீடு காட்டக் கூட்டிட்டு வந்தேன். உங்க கதவப் பாத்துட்டு, இவரு எந்தப் பக்கம்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எனக்கே தெரியலன்னா பாத்துக்குங்க."

"நான் எந்தப் பக்கமும் இல்லீங்க" என்றான் லென். "அது வீட்டுக்குள்ள போறதுக்கு."

"அது பட்டியல்ல இல்லியே."

"பச்சை எங்களுக்குப் பிடிக்கும். அதனால அடிச்சோம்."

"பிடிக்கறதுங்கறது உங்க மனசுக்குள்ள இருக்கறது. நான் கேக்கறது ரோட்டுல நிக்கறவனுக்கு என்னன்னு."

லென் என்னைப் பார்த்தான். நிஜக் காரணம் அவன் தொண்டை வரை வந்து திரும்பிப் போவது எனக்குத் தெரிந்தது. நான் குறிப்பு எழுதுவதுபோல் குனிந்து, "ஐரிஷ்னு சொல்லுப்பா. மார்ச் வரப் போகுது" என்று முணுமுணுத்தேன்.

"நான் ஐரிஷ்" என்றான் லென் குபியாக்.

அன்றைக்கே எங்கள் திட்டம் தயாரானது. மாதத்துக்கு ஒரு பொருளாக மாறிக்கொண்டே போய், எப்படியாவது கதவைப் பச்சையாகவே வைத்துக்கொள்வது. யோசனை என்னுடையது. அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அயர்லாந்துக்குப் பொறுப்பாளர் டென்னிஸ் மகில்.

"குபியாக்கா? அயர்லாந்துல எந்தப் பக்கம்?" என்றார்.

"போலந்து."

"சரி விடுங்க. மார்ச் முடியற வரைக்கும் எல்லாரும் ஐரிஷ்தான். நானே முக்கால்வாசி நார்வே. ஆனா ஊர்வலத்துல நடக்கணும். நடக்காதவன் ஐரிஷ் கெடையாது."

ஒரு கோட்டும் கொடுத்தார். முழங்கால் வரை தொங்கும், கண்ணைக் கூசும் பச்சைக் கோட்டு. பித்தளைப் பொத்தான்கள் கைப்பிடிக் குமிழ் அளவுக்கு இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு, லென் காகித ஆலைச் சங்க ஊர்வலத்தில் கூட நடந்திராத நிமிர்வோடு நடந்தான். அன்று வழக்கம்போல் குளத்தில் பச்சைச் சாயம் கரைத்திருந்தார்கள். வாத்துகள் வயிறு வரை பச்சையாகிப் புல்லில் ஏறி நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான்கு மணிக்கு பெர்னிஸ் நடைக்கு வந்தார். குளத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு கரையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். லென் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து கையைப் பிடித்தான். முழங்கால் வரை நனைந்த கால்சராயோடு இருவரும் வீட்டுக்குப் போனார்கள். ஊர்வலத்திலிருந்து பாதியில் விலகியதற்காக அடுத்த வாரம் அவனுக்குத் தனி நோட்டீஸ் வந்தது. கோட்டைத் திருப்பிக் கேட்க மட்டும் டென்னிஸ் மறந்துபோனார்.

ஏப்ரலில் லென் பூமியின் நண்பன் ஆனான். சோதிக்க வந்த பெண் ப்ரூக் ஹாலண்டர், எங்கள் பழைய வீடு அளவுக்கு ஒரு வண்டியில் தனியாக வந்து இறங்கினாள். உள்ளே சூடு போய்விடக் கூடாதென்று இன்ஜினை அணைக்கவில்லை. முக்கால் மணி நேரம் அது வாசலில் உறுமிக்கொண்டே இருந்தது.

"இது என்ன மரக் கதவு?"

"ஓக்."

"வெட்டின மரமா?"

"வெட்டாம எப்படிம்மா கதவு செய்யறது?"

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு, 'இந்த வீடு பூமியை நேசிக்கிறது' என்று எழுதிய பிளாஸ்டிக் பலகையை மூன்று பிளாஸ்டிக் உறைகளிலிருந்து உரித்தெடுத்து நட்டுவிட்டு, உறைகளை லென் கையில் கொடுத்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். பத்தாம் நாள், புல்தரை போதிய பச்சையாக இல்லை, தினம் இரண்டு வேளை தண்ணீர் விடவும் என்று சங்கத்திலிருந்து கடிதம். கடிதத்தை எடுத்துக்கொண்டு மர்லீனிடம் போனான். நானும் கூடப் போனேன்.

"இந்தப் புல்லோட பச்சைக்கு என்னங்க பொருள்?" என்று கேட்டான்.

"புல்லுக்குப் பொருள் எதுக்கு லென்? அது ஒழுக்கம்."

ஒரு பச்சைக்காகத் தண்ணீரை நிறுத்தி, இன்னொரு பச்சைக்காகத் தண்ணீரைத் திறந்து, விடிவதற்குள் குழாயை மூடிவிட்டு, லென் ஏப்ரலை ஒப்பேற்றினான். பெர்னிஸ் ஒருநாள் கூட வழி தவறவில்லை.

மே மாதம் பச்சை ரிப்பன் குத்திய இரண்டு தொண்டர்கள் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"மனசு விட்டுப் பேசணும்னு தோணுதா லென்?"

"இல்லீங்க."

"அதான் முதல் அறிகுறி."

வாரத்துக்கு மூன்று நாள் வந்தார்கள். லென் பேசாமலிருந்தால் அடக்கிவைக்கிறான் என்றும், வானிலை பற்றிப் பேசினால் பேச்சை மாற்றுகிறான் என்றும் எழுதிக்கொண்டார்கள். பெர்னிஸ் அவர்களுக்குக் காபி கொடுத்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கொடுத்தார். கிளம்பும்போது மூன்றாவது தடவையும் கொடுத்து, "நீங்க யாரு, மெத்தை விக்கறவங்களா?" என்று அன்பாக விசாரித்தார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாதக் கடைசியில் அவர்கள் கொடுத்த அறிக்கை என் கோப்பில் இருக்கிறது. 'கணவர் எதையோ மறைக்கிறார். மனைவி நல்ல தெளிவோடும் நகைச்சுவையோடும் இருக்கிறார்.'

ஜூன் வந்தது. பட்டியலில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் காலி. செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தால் மஞ்சள் ஓரம் அடித்து, கால்பந்து ரசிகனாகிப் பனிக்காலத்தை எட்டிவிடலாம். மூன்றே மாதம்தான் இடையில் இருந்தது. மறுபடியும் பொதுக்கூடம், மடக்கு நாற்காலி, சீஸ் துண்டுகள். நாற்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. நாட்டில் நடப்பதைப் பற்றி எங்களால் எதுவும் செய்ய முடிவதில்லை. அதனால் கதவைப் பற்றி ஏதாவது செய்ய முடிகிறபோது யாரும் வராமல் இருப்பதில்லை.

"கோடைக்கு ஒரே ஒரு பச்சைதான் செல்லும்" என்றார் மர்லீன். "விற்பனைப் பலகை. எங்க கம்பெனிப் பலகை பச்சைதான். வருஷம் பூரா செல்லும். உங்களுக்காக நானே கொண்டாந்து நட்டுத் தர்றேன்."

"வீட்ட வித்துட்டு நாங்க எங்கம்மா போறது?"

"அது எங்க துணைக்குழுவுல வராது லென்."

லென் எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றி இரண்டாக மடித்தான். என்னைப் பார்க்கவில்லை. பேசத் தொடங்கினபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பெர்னிஸுக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. ரெண்டு வருசமா. என் பேரே சில நாள் வர்றதில்ல அவளுக்கு. வீட்டு நம்பர் தெரியாது. தெருப் பேரு தெரியாது. அந்தக் கதவு தெரியும். அத வச்சுத்தான் திரும்பி வர்றா. வேற ஒரு பொருளும் இல்லீங்க அதுக்கு. சொல்ல வேணாம்னு இருந்தேன். இப்பச் சொல்லிட்டேன். அப்படியே விட்ருங்க."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பத்தொன்பதாம் எண் அம்மாள் விசும்பினார். மர்லீன் மேசையைச் சுற்றிவந்து லென்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணிலும் நிஜக் கண்ணீர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் நடித்திருந்தால் நாங்கள் அன்றைக்குப் பிழைத்திருப்போம்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா லென்? நாங்க என்ன மிருகங்களா? எங்க அத்தைக்கும் இதேதான். எனக்குத் தெரியாத வேதனையா இது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பினார். விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். விரல் நின்றது. "ஆனா லென்… மறதிக்குப் பச்சை கெடையாது. ஊதா."

"என்னது?"

"மறதி நோய்க்கு நிறம் ஊதா. நம்ம ஊர் வழக்கம் இல்ல, நாடு பூரா அப்படித்தான். அதுலயும் பாருங்க, ஜூன் மாசம். இந்த மாசமேதான். உங்க கஷ்டத்துக்குன்னு ஒரு நிறமும் இருக்கு, ஒரு மாசமும் இருக்கு. நீங்க தப்பான பச்சையில நின்னு இத்தனை நாள் தனியா அல்லாடிட்டீங்க."

"அவளுக்கு ஊதா தெரியாதுங்க. பச்சதான் தெரியும்."

"அவங்களுக்குத் தெரியாமப் போகலாம். பாக்கறவங்களுக்குத் தெரியணும் இல்லியா, நாமெல்லாம் அவங்களுக்காகத்தான் இருக்கோம்னு."

டென்னிஸ் மகில் எழுந்தார். "ஒரே ஒரு வீடு மட்டும் ஊதான்னா, அவங்கள ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிரும். நாற்பத்தோரு கதவுக்கும் ஊதா அடிப்போம்."

கைதட்டல் எழுந்தது. பதினேழாம் எண்ணும் பதினெட்டாம் எண்ணும் இரண்டு வருஷப் பகையை மறந்து தோளில் கைபோட்டுக்கொண்டார்கள்.

"எல்லாக் கதவும் ஒரே மாதிரி ஆயிருமேங்க" என்றான் லென்.

"ஆமா லென்" என்றார் மர்லீன், குரல் தழுதழுக்க. "அதான் ஒற்றுமை."

கை தூக்கச் சொன்னார்கள். நாற்பது கைகள் எழுந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஏன் தூக்கினேன் என்று அன்று இரவே என்னை நான் கேட்டுக்கொண்டேன். எங்கள் பக்கத்தில், அழுதுகொண்டே ஒருவர் செய்ய வரும் நன்மையை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. எல்லாரும் தூக்கியிருக்கும்போது கீழேயிருக்கும் கைதான் பெரிதாகத் தெரியும். காரணம் அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, லென் குபியாக் நெகிழ்ச்சியில் பேச முடியாமல் அமர்ந்துவிட்டார் என்று குறிப்பில் எழுதினேன். உண்மையில் அவன் கடைசிவரை பேசிக்கொண்டேதான் இருந்தான். கைதட்டலில் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திருவிழா. எல்லாருக்கும் ஊதாச் சட்டை. சூட்டடுப்பில் பன்றி இறைச்சிக் குழல்கள், தொட்டுக்கொள்ளக் கடுகு, ஒரு மேசை நிறைய உருளைக்கிழங்கு சாலட். குபியாக் வீட்டுக் கதவுக்கு முதல் தீற்றலை மர்லீன் அடிக்க, போட்டோ எடுத்தார்கள். பழைய பச்சை லேசில் மறையவில்லை. மூன்று பூச்சு தேவைப்பட்டது. லென் புல்லில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பெர்னிஸ் சந்தோஷமாக இருந்தார். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். எல்லாரும் அவரிடம் குனிந்து, சத்தமாக, மெதுவாகப் பேசினார்கள். லென் சொன்னபடியே அது அவருக்குப் பிடிக்கவில்லை. "இவங்களுக்கெல்லாம் காது கேக்காதா?" என்று என்னிடம் கேட்டார். கூட்டம் கலைந்த பிறகு லென்னின் சட்டைக் கையை இழுத்து, "ரொம்ப நேரமாச்சு. நம்ம வீட்டுக்குப் போலாமா?" என்றார். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

அதன் பிறகு லென் செய்யாததில்லை. வாசலில் ஒரு பச்சைப் பூந்தொட்டி வைத்தான். தொட்டியின் பொருள் என்ன என்று கேட்டு நான்தான் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. நகராட்சியின் பச்சைக் குப்பைத்தொட்டியை வெளியே இழுத்துவைத்தான். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் வெளியே இருக்கக் கூடாது. செவ்வாயன்றோ நாற்பத்தோரு வாசலிலும் பச்சைத் தொட்டி நின்றது. அன்று பெர்னிஸ் ஒன்பது வீடுகளைத் தட்டினார். ஒன்பது வீட்டிலும் உட்காரவைத்துப் பழச்சாறு கொடுத்தார்கள். அந்த வாரமே இருபத்து மூன்றாம் எண் வீட்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, அங்கிருந்தவர்களிடம் நீங்கள் யார், எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர்கள் கோபிக்கவில்லை. அரிசோனாவுக்கு மட்டும் போன் செய்துவிட்டார்கள்.

"கேரல் வர்றாளாம். மாசக் கடைசியில" என்றான் லென் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "அம்மா தனியாப் போயிட்டு வர்றத அவ கண்ணால பாக்கணுமாம். பாத்தா விட்ருவாளாம். இல்லன்னா இல்லம்."

"கூட நடந்து போயேன் லென்."

"அப்பறம் அவ தனியா எங்க போறா? நான் நடக்கறேன், அவ கூட வர்றா. அவ்வளவுதான?"



அடுத்த நாள் நான்கு மணிக்கு மேல் ஜன்னலில் ஏதோ கண்ணைக் கூசியது. ஜூலை வெயில் கொளுத்துகிறது. லென், டென்னிஸ் மகில் கொடுத்த அந்தக் கம்பளிக் கோட்டைப் பூட்டிக்கொண்டு, ஊதாக் கதவை முதுகால் மறைத்தபடி நின்றிருந்தான். கழுத்து வரை பொத்தான். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. குளத்துப் பக்கமிருந்து பெர்னிஸ் வந்தார். தெருமுனையில் தயங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு நடை வேகமாயிற்று. நேராக வந்து, அவன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரு?" என்றான் லென்.

"வீட்டுக்காரி."

அவன் விலகவில்லை. விலகினால் பச்சை போய்விடும், பின்னால் ஊதா தெரியும். அதனால் கையைப் பின்னால் விட்டுக் கைப்பிடியைத் துழாவித் திறந்து, அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து உள்ளே போனான். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்தார். பன்னிரண்டு நாள் இதே மாதிரி நடந்தது. அவனுக்குப் படி தடுக்காமல் பின்னால் ஏறவே பழகிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் மர்லீன் என்னைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் எதுவும் அலங்காரப் பொருள் என்று விதியில் இருக்கிறதாம். "எனக்கு மனசே வரல கோர்டி. பாவம் அவரு. ஆனா ஊதா மாசத்துக்கு அப்பறம் அயர்லாந்துக் கோட்டு நின்னா, நம்ம ஒற்றுமைக்கே அர்த்தம் மாறிப் போவுது. படிவத்த மட்டும் குடுத்துட்டு வந்துருங்க. ஒரு கேக்கும் தர்றேன், சேத்துக் குடுத்துருங்க."

படிவத்தையும் கேக்கையும் கொண்டுபோனேன். லென் வாசலில் நின்றபடியே, என் முதுகில் காகிதத்தை வைத்து நிரப்பினான். இருப்பது என்ன: லென் குபியாக். நிறம்: பச்சை. பொருள்: கதவு.

"சரியா இருக்கா?" என்றான்.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அப்போது பெர்னிஸ் வந்துவிட்டார். கேக்கோடு நின்ற என்னைத் தாண்டிப் போய், இரண்டு தட்டுத் தட்டினார்.

"யாரு?"

பெர்னிஸ் யோசித்தார். பித்தளைப் பொத்தானைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். பிறகு என் பக்கமும் தெருப் பக்கமும் திரும்பி, மறுபடி அவனைப் பார்த்தார்.

"அது தெரிஞ்சா நான் எதுக்குத் தட்டிட்டு நிக்கறேன்?" என்றார், கொஞ்சம் எரிச்சலாக.

லென் கையைப் பின்னால் விட்டுத் துழாவினான். அன்றைக்குக் கைப்பிடி அகப்பட வெகுநேரம் ஆயிற்று. "சரி, வா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் காலெடுத்து வைத்தான். பொத்தானை விடாமல் அவரும் போனார்.

ஊதாக் கதவு மூடிக்கொண்டது. கேரல் வெள்ளிக்கிழமை வருகிறாள். லென்னின் படிவத்தை விசாரிக்கத் துணைக்குழு வியாழக்கிழமை கூடுகிறது. இந்தத் தடவை கையைத் தூக்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். நாற்பதில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.